கொவிட் காலத்தில் மனநலத் தாதியர் தாக்குப்பிடிக்க உதவியவை

மனநல வார்டில் வேலை பார்க்கும் தாதிக்குத் தன் மனத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ன என்று நிர்வாகம் நினைக்கும், வீட்டார் நினைப்பார்கள், பல நேரம் அவரே அப்படித்தான் நினைத்துக்கொள்வார். 2020 தொடங்கி சிங்கப்பூர் வார்டுகளில் கண்டது வேறு. மனச்சோர்வின் அறிகுறிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள், தங்கள் தூக்கம் கெட்டுப்போனதைப் பல வாரம் கழித்துத்தான் கவனித்தார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. அந்த அறிவைத் தங்கள்மேல் பயன்படுத்த ரோஸ்டரில் நேரமும் வார்டில் இடமும்தான் இல்லை. மூச்சுப் பயிற்சிச் செயலிகளும் இணையவழிக் கருத்தரங்குகளும் தாராளமாக வந்தன. இரவு ஒன்பதரைக்கு மதிய ஷிப்ட் முடித்து மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பி வர வேண்டியவர், அவற்றை எப்போது திறந்து பார்ப்பார்? ஆகவே இங்கே சொல்வதெல்லாம் வார்டு நடைமுறையைப் பற்றியது.

காலவரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 ஜனவரி 23 அன்று முதல் தொற்று. பிப்ரவரி 7 அன்று, தொற்று அபாய நிலையை நிறத்தால் குறித்த டோர்ஸ்கான் ஆரஞ்சு. விடுப்புகள் நின்றன, ஊழியர்கள் ஒருவரோடொருவர் கலக்காத குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது போயிற்று. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம். மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியதும் ஜோகூரிலிருந்து தினமும் வந்து போய்க்கொண்டிருந்த தாதியர் இங்கேயே ஹோட்டல் அறைகளிலும் வாடகை அறைகளிலும் தங்க நேர்ந்தது. 2003ல் சார்ஸ் வந்தபோது வேலையில் இருந்த மூத்தவர்களுக்கு ஒரு முன்னனுபவம் இருந்தது. அந்த ஆண்டு சிங்கப்பூரின் மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டது. சோதித்துப் பார்த்ததில் அது சார்ஸ் அல்ல, இன்ஃபுளுவென்சா என்று தெரிந்தது. முடிவு வரும்வரை காத்திருப்பதுதான் மிகக் கடினமான வேலை என்பதை அவர்கள் அப்போதே கற்றிருந்தார்கள்.

மனநல வார்டு பொது வார்டு போன்றதல்ல. பொது வார்டில் நோயாளி பெரும்பாலும் கட்டிலில் இருப்பார். இங்கே நடமாடுவார், கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார், முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிடுவார். சந்தேக நோய் உள்ளவர், முகம் மூடிய உருவம் அறைக்குள் வந்தால் பயப்படுவார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மனநலத் தாதியின் முதன்மைக் கருவியே அவர் முகம்தான். கோபமாக இருப்பவரைத் தணிப்பது பாதி சொல்லால், பாதி முகத்தால். அந்தப் பாதியை என்95 முகக்கவசம் எடுத்துக்கொண்டது. தன் திறமை திடீரென்று பலிக்காமல் போனதாக உணர்ந்த தாதியர் பலர் அதைத் தங்கள் குறையாக எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு பலருக்கு அங்கிருந்துதான் தொடங்கியது.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. கவுனுக்கு மேலே, நெஞ்சுப் பகுதியில், சிரித்த முகத்துடன் எடுத்த படத்தைக் கையளவு அச்சிட்டு, கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஷிப்ட் முடிந்ததும் கவுனோடு அதையும் எறிந்துவிடலாம் என்பதால் சாதாரணத் தாளே போதும். கண்ணாடிச் சன்னல் இருக்கும் அறையானால், பாதுகாப்பு உடை அணிவதற்கு முன் நோயாளிக்கு உங்கள் முகத்தை ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். ‘மிஸ்ஸி, நீங்கதானா’ என்று அவர் சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். ஒரு வாக்கியத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். முகக்கவசம் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். காது மந்தமான முதியவரிடம் கத்தினால் அது அதட்டலாகத்தான் கேட்கும். சிறிய வெள்ளைப் பலகை ஒன்றில் எழுதிக் காட்டுவது மேல். உள்ளங்கைகள் தெரியும்படி கைகளை இடுப்பளவில் வையுங்கள். இரண்டு மூன்று பேர் அறைக்குள் போனாலும் பேசுவது ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

உடல்ரீதியாகத் தடுத்துப் பிடிக்க வேண்டிய நிலை வந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். கையுறை வழுக்கும், கண்ணாடி ஆவி படிந்து மங்கும், நோயாளி முகக்கவசத்தை இழுத்துவிடுவார். குழுவில் ஒருவருக்கு மற்றவர்களின் முகக்கவசங்களைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். இன்னொருவர் முழு உடையுடன் வெளியே தயாராக நிற்கட்டும். யாருடைய முகக்கவசமாவது கழன்றால் அவர் உடனே வெளியேற, வெளியே நிற்பவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். இதைவிட ஆபத்தான நேரம் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போது உடையைக் கழற்றினால் வரிசை தவறும், கை முகத்துக்குப் போகும். ஒருவர் கழற்ற, இன்னொருவர் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கையுறை, கவுன், கண்ணாடி, வெளியே வந்தபின் கடைசியாக முகக்கவசம். ஒவ்வொன்றுக்கும் நடுவே கைசுத்தம். அனுபவம் எத்தனை ஆண்டாக இருந்தாலும் இந்த வாசிப்பை விடக்கூடாது. ‘தவறாகக் கழற்றிவிட்டேனோ’ என்ற சந்தேகம் இரவெல்லாம் தூங்கவிடாது. யாரோ வாசித்துக் கேட்டுக் கழற்றினோம் என்ற நினைவு அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

இத்தகைய சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் கூட்டி, ஒவ்வொருவராக ‘என்ன உணர்ந்தீர்கள்’ என்று பேசவைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். கட்டாயமாக ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பிற்கால மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்றும் சிலருக்கு நிலைமையை மோசமாக்கக்கூடும் என்றும் ஆய்வுகள் காட்டிவிட்டன. மாற்றாகப் பத்து நிமிடம் போதும். என்ன நடந்தது, எது சரியாக நடந்தது, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு யாருக்கு என்ன வேண்டும். மூன்று கேள்விகள்தான். தண்ணீர், கழிப்பறை, வேறு வார்டுக்குச் சிறிது நேரம் மாறுவது, வீட்டுக்கு ஒரு போன், இப்படித்தான் பதில்கள் இருக்கும். பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவரை விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துத் தனியாக ஒருமுறை விசாரியுங்கள். எங்கள் அனுபவத்தில் அதிகம் விட்டுப்போவது இந்த இரண்டாவது விசாரிப்புதான்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. மனநலத் தாதியரின் பயத்தில் பெரும்பங்கு வைரஸைப் பற்றியதல்ல, தங்கள் கைத்திறமை பற்றியது. பத்தாண்டுகளாக மனநல வார்டிலேயே இருந்தவருக்கு ஆக்சிஜன் கொடுத்துப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். நள்ளிரவில் ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கினால் நான் சமாளிப்பேனா என்ற கேள்வி வேலைக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசையும். இதற்கு ஆறுதல் பேச்சு உதவாது, பயிற்சி உதவும். ஷிப்ட் தொடக்கத்தில் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு திறன். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 4 லிட்டர். பையுடன் கூடிய நான்-ரீபிரீதர் முகமூடியில் 10 முதல் 15 லிட்டர், பை முழுமையாக உப்பிய பிறகே முகத்தில் பொருத்த வேண்டும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அளவைக் கெடுக்கும். யாரை, எந்த எண்ணில், எந்த அளவு வந்தால் அழைப்பது என்பதைத் தள்ளுவண்டியிலேயே ஒட்டி வையுங்கள். சில வாரம் இப்படிச் செய்தால் அந்தப் பயம் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

மனநல மருந்துகளும் காய்ச்சலும் சேர்ந்தால் குழப்பம் கூடும். கடும் மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசாபைன் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் கொவிட் ஒரு காரணமாக இருக்கலாம், வெள்ளணுக்கள் குறைந்திருப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கை எடுக்க வேண்டும், ஸ்வாப் முடிவுக்காகக் காத்திருக்கக்கூடாது. தொற்று இருக்கும்போது ரத்தத்தில் க்ளோசாபைன் அளவு ஏறக்கூடும் என்பதால் அதிகத் தூக்கம், எச்சில் வடிதல், உடல் வெட்டி இழுத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் எடுப்பவர் காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வருகிறதா என்று பாருங்கள். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால்தான். இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி மருந்து அறையில் மாட்டினால் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தலையில் சுமக்க வேண்டியதில்லை. தாதியரின் மனநலக் கட்டுரையில் லித்தியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் ஒருவருக்கு அந்த ஒரு பக்கம்தான் மன நிம்மதி.

பூட்டிய அறையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பூட்டுவது கடைசி வழி என்றுதான் மனநலத் தாதிக்குச் சொல்லித்தரப்படுகிறது. கொவிட் காலத்தில், அமைதியாக இருக்கும், யாரையும் தொந்தரவு செய்யாத ஒருவரைத் தொற்று இருப்பதற்காக மட்டும் தனி அறையில் வைக்க நேர்ந்தது. சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத நிலையில் ஏற்படும் இந்த உறுத்தலைத் தாதிமைத் துறையில் 1984லேயே ஆண்ட்ரூ ஜேமிட்டன் அறநெறி உளைச்சல் என்று விவரித்தார். அது களைப்போடு சேர்த்து எண்ண வேண்டியது அல்ல. களைப்பு விடுப்பு எடுத்தால் குறையும், இது குறையாது. குறைய வேண்டுமானால் முடிவு கூட்டாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவர், தொற்றுத் தடுப்புத் தாதி, வார்டு மேலாளர் மூவரின் பெயரும் காரணமும் குறிப்பில் இருக்கட்டும். தினமும் ஒரு நேரத்தில் மறுபரிசீலனை செய்யுங்கள். நோயாளியிடம் ‘கொஞ்ச நாள்’ என்று சொல்லாமல் அடுத்த சோதனை எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். நாளைக்கு இருமுறையாவது சன்னல் வழியே பத்து நிமிடம் பேச ஒருவரைப் பெயரிட்டு ரோஸ்டரில் போடுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது யாராவது’ என்று விட்டால் யாரும் போவதில்லை. பிறகு எல்லோரும் குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போவார்கள்.

தமிழ் பேசும் தாதியருக்கு இன்னொரு சுமை இருந்தது. 2020 ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் தொற்று பரவியபோது, அங்கிருந்தவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டுக்காரர்கள். வெளியே போக முடியாமல், ஊரில் கடன் நிற்க, வேலை இருக்குமா என்று தெரியாமல் இருந்தவர்களுக்குத் தமிழில் பேச ஒரு குரல் தேவைப்பட்டது. வார்டில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் எல்லாத் திசையிலிருந்தும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஊழியர்கள் ‘மனச்சோர்வு’ என்று வந்து சொல்வதில்லை. ‘நெஞ்சு படபடங்குது அக்கா’, ‘சோறு இறங்க மாட்டேங்குது’, ‘ராத்திரி முழுக்க மோட்டுவளையப் பாத்துட்டு கிடக்கேன்’ என்பார்கள். இதை மருத்துவருக்கு எடுத்துச் சொல்பவர் அதை இருமுறை அனுபவிக்கிறார், காதால் ஒருமுறை, தன் வாயால் ‘நான்’ என்று சொல்லி இன்னொருமுறை. அதிலும் ‘நான் செத்துப்போயிடலாம்னு இருக்கேன்’ என்பதைத் தன்மை ஒருமையில் நாளுக்குப் பலமுறை சொல்வது சாதாரணக் காரியமல்ல.

இதை உதவியாகக் கருதாமல் வேலையாகக் கணக்கிடுங்கள். மொழி வாரியாக ஒரு பட்டியல், அதில் குறைந்தது மூன்று பேர், ஆளுக்கு ஒரு நாள். ஓர் அமர்வு முப்பது நிமிடத்துக்கு மேல் போனால் ஆள் மாற வேண்டும். முடிந்ததும் பத்து நிமிடம் எந்த வேலையும் இல்லை, அந்த நேரத்தில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க இன்னொருவர் பெயர் இருக்க வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் பேசப்பட்டால், பாதுகாப்புத் திட்டம் என்ன ஆயிற்று என்பதை மொழிபெயர்த்தவருக்கும் பிறகு சொல்லுங்கள். பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த மனிதர் பிழைத்தாரா என்று தெரியாமலே மொழிபெயர்த்தவர் எம்ஆர்டி ரயில் ஏறுவார்.

ஊர்க் கவலையும் இதோடு சேர்ந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் டெல்டா அலை அடித்தபோது, ஏப்ரல் 23 இரவு முதல் இந்தியாவிலிருந்து நீண்டகால அனுமதி அட்டைதாரர்கள் வருவதை சிங்கப்பூர் நிறுத்தியது. போனால் திரும்ப முடியாது. அப்பாவின் காரியத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு மதிய ஷிப்டுக்கு வந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்டவருக்கு மேலாளர் செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன: கேட்காமலே இரண்டு நாள் ஆஃப் கொடுப்பது, திரும்பி வந்தபின் முதல் வாரத்தில் மரணப் படுக்கையில் இருப்பவரை அவரிடம் ஒப்படைக்காமல் இருப்பது. ‘எப்போ வேணும்னாலும் என்கிட்ட சொல்லு’ என்று சொல்வதால் பலனில்லை. துக்கத்தில் இருப்பவர் கேட்க மாட்டார்.

தூக்கத்தைப் பற்றி இரவு ஷிப்ட் தாதியருக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனாலும் 2020 ஏப்ரலில் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது வீவக அடுக்குமாடி வீடுகளில் பகல் தூக்கம் சாத்தியமில்லாமல் போயிற்று. ஒரு பக்கம் பிள்ளையின் ஆசிரியர் கணினியில் பேசுவார், இன்னொரு பக்கம் மேல்வீட்டுச் சத்தம். எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று போராடுவதைவிட, காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை நான்கு மணி நேரத்தை யாரும் தொடக்கூடாத நேரமாக வீட்டாரோடு பேசி முடிவுசெய்யுங்கள். இரவு வேலைக்குக் கிளம்பும் முன் இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஒன்பதுக்குப் படுக்கிறவர் கடைசி கோப்பியை அதிகாலை மூன்றுக்கு முன் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் கஃபீன் பாதி குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இடைவேளையில் கண்ணயர்ந்தால் இருபது நிமிடம் போதும். எழுந்ததும் கால் மணி நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், அந்த மந்தத்தில்தான் அளவு தவறும்.

ரோஸ்டர் போடுகிறவருக்கு: காலையிலிருந்து மதியம், மதியத்திலிருந்து இரவு என்று முன்னோக்கி நகர்த்துங்கள். மதிய ஷிப்டை அடுத்து மறுநாள் காலை ஷிப்ட் போட்டால் வீடு போய் வரும் நேரம் கழிய தூங்க ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. ஆள் பற்றாக்குறையில் இதைத் தவிர்க்க முடியாமல் போகலாம், ஆனால் ஒரே ஆளுக்கு வாரத்தில் இரண்டுமுறை வரக்கூடாது. வேறு இடத்துக்கு அனுப்பும்போது தனியாக அனுப்பாமல் இருவராக அனுப்புங்கள். எப்போது திரும்புவார் என்ற தேதியைச் சொல்லுங்கள், அது தள்ளிப்போனாலும் புதிய தேதியைச் சொல்லுங்கள். நாயகர்கள் என்ற பட்டம் வேண்டாம். 2020 மார்ச் இறுதியில் மக்கள் மாடியில் நின்று கைதட்டியது நல்ல மனத்தோடுதான், அதே ஆண்டின் தொடக்கத்தில் சீருடையைக் கண்டு லிஃப்டில் விலகி நின்றவர்களும் இருந்தார்கள். ஆனால் நாயகன் என்று பெயர் வாங்கியவர் எம்சி என்ற மருத்துவ விடுப்பு எடுக்கக் கூச்சப்படுவார்.

சக ஊழியர் தளர்வதைக் கண்டுகொள்வது எப்படி? மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் இருக்கிறது, ஒன்பது கேள்விகள், 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மதிப்பீடு தேவை. சிக்கல் என்னவென்றால், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பது மனநலத் தாதிக்கு அத்துப்படி. வேண்டுமென்றே குறைத்துப் போடுவார். தாளை நம்புவதைவிட வேலையைக் கவனியுங்கள். எப்போதும் நேரத்துக்கு எழுதுகிறவரின் குறிப்புகள் தாமதமாகும். குறிப்பிட்ட ஒரு நோயாளியைத் தவிர்க்க ஷிப்ட் மாற்றிக்கொள்வார். நோயாளியைப் பற்றிய வேடிக்கைப் பேச்சில் கசப்பு ஏறும். அல்லது நேர்மாறாக, எல்லோருடைய ஷிப்டையும் தானே எடுத்துக்கொள்வார், வீட்டில் தனியாக இருக்கப் பயந்து. ‘நல்லா இருக்கியா?’ என்றால் ‘நல்லா இருக்கேன் அக்கா’ என்றுதான் பதில் வரும். ‘நேத்து எத்தனை மணி நேரம்மா தூங்கின?’, ‘கடைசியா எப்போ உட்கார்ந்து சாப்பிட்ட?’ என்று கேளுங்கள். எண்ணில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியில் மழுப்புவது கடினம். உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கவும் தயங்காதீர்கள். நோயாளியிடம் தினமும் கேட்பதுதானே, தோழியிடம் கேட்கத்தான் வாய் வருவதில்லை.

உதவி தேட மனநலத் தாதிக்கு உள்ள தனிச் சங்கடம், சிகிச்சை அறையில் எதிரே உட்காரப்போவது தெரிந்த முகமாக இருக்குமே என்பது. ஆகவே நிறுவனம் தரும் ஆலோசனை சேவை வெளியாரால் நடத்தப்பட வேண்டும், சந்திப்பை மேலாளர் வழியாகப் பதிவுசெய்யும்படி இருக்கக்கூடாது, யார் போனார்கள் என்ற விவரம் நிறுவனத்துக்கு வரக்கூடாது. இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பலதுறை மருந்தகம், தனியார் மருத்துவர், உளவியலாளர் ஆகிய வழிகளும் உண்டு. 24 மணி நேரமும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் 6389 2222 ஆகியவை இருக்கின்றன. வேலை விண்ணப்பத்தில் மனநலப் பிரச்சினையை அறிவிக்கும்படி கேட்கக்கூடாது என்று 2020லேயே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வெளியிடும் முத்தரப்பு வழிகாட்டி மாற்றப்பட்டது. 2025ல் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும் மனநல நிலையைப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. சிகிச்சை எடுத்தால் வேலை போய்விடும் என்று இளையவர்களிடம் சொல்லிப் பயமுறுத்தும் மூத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டோர்ஸ்கான் 2023 பிப்ரவரி 13 அன்று பச்சைக்கு இறங்கியது. பலருக்குத் தூக்கக் கெடுதலும் எரிச்சலும் அழுகையும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டின, நெருக்கடியில் தள்ளிப்போட்டது ஓய்வில் வந்து சேரும். அதனால் நெருக்கடி தணிந்த மாதமே ஆதரவுக் குழுவைக் கலைத்துவிடாமல் குறைந்தது ஓராண்டு நடத்த வேண்டும். இப்போது வேலை அமைதியாக இருக்கும்போதே செய்துவைக்கக்கூடியவை சில: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்து என்95 பொருத்தச் சோதனை, மொழிபெயர்ப்புப் பட்டியல், ஆக்சிஜன் அளவுத் தாள், க்ளோசாபைன்-லித்தியம் பக்கம், நெஞ்சில் ஒட்டும் படங்களின் மென்பிரதி. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, வார்டு மேலாளர் மாறினாலும் கைமாறும்படி ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.